ஆஸ்திரேலியாவின் அகலக்கற்றை வலை: விரைவு குன்றிய வரலாறு

ஒரு நாட்டு மக்கள் பொதுவில் நுகரும் வசதிகள் சில உண்டு. சாலை, குடிநீர், மின்சாரம், அஞ்சல் என்பன அத்தகையவை. இவை செவ்வனே நடைபெறுங்கால் எவரும் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. குறை நேர்ந்துவிட்டாலோ பேசாதார் ஒருவருமில்லை. இவ்வரிசையில் நம் காலத்தில் வந்து சேர்ந்தது இணையம். அதனை வீட்டுக்குள் கொண்டுவரும் விரைந்த இணைப்பைப் பலரும் பிராட்பேண்ட் என்பர். தமிழில் அகலக்கற்றை என வழங்குகிறோம்.

இந்த இணைப்பை நாடு முழுமைக்கும் அளிக்கக் கருதி, ஆஸ்திரேலிய அரசு 2009-ஆம் ஆண்டில் ஒரு பெரும் பணியைத் தொடங்கியது. "தேசிய அகலக்கற்றை வலை" என்பது அதன் பெயர். எட்டாண்டுகள் சென்றபின், 2017-இல், அதே வலை நாடெங்கும் முறையீட்டுக்கு இலக்காயிற்று. மாலையில் படம் பார்க்க அமர்ந்த குடும்பத்தாரும், பாடம் எழுதி அனுப்ப முயன்ற மாணவரும், கணக்கு வழக்குகளை இணைய வழியே நடத்திய சிறு வணிகரும் ஒரே குறையைக் கூறினர். பணம் கட்டிப் பெற்ற விரைவு கைக்கு வந்து சேரவில்லை என்பதே அது.

ஏன் வந்து சேரவில்லை? பழைய செப்புக் கம்பியே காரணம் என்பது பலரும் தரும் விடை. அவ்விடை பொய்யன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. விரைவு மூன்று இடங்களிற் குன்றியது. ஒன்று கம்பி, இரண்டாவது விலை விதி, மூன்றாவது விளம்பரச் சொல். முதலாவதைத் திருத்த மண்ணைத் தோண்ட வேண்டும். பெரும் பொருள் வேண்டும். மற்ற இரண்டையும் திருத்த மண்வெட்டி தேவையில்லை. நேர்மையான கணக்கே போதும். மக்களின் மனக்குறை எவ்வாறு பயன் தந்தது என்பதை அறிய, இம்மூன்றையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

கம்பி சென்ற வழி

ஆஸ்திரேலியா பரந்த நிலப்பரப்பை உடையது. மக்களோ கரையோர நகரங்களிற் செறிந்து வாழ்கின்றனர். ஆதலால் செய்தியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லுதல் அந்நாட்டிற்குத் தொடக்க முதலே பெருங்கவலையாக இருந்து வந்தது. 1872-ஆம் ஆண்டில், சார்ல்ஸ் டாட் என்பவர் தலைமையில், தெற்கே அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே டார்வின் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளத்திற்குத் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. பாலைவனத்தின் நடுவே சென்ற அவ்வேலை இரண்டாண்டுக் காலத்தில் முடிந்தது.

அக்கம்பி டார்வினோடு நின்றுவிடவில்லை. அங்கிருந்து ஜாவாவுக்குக் கடலடிக் கம்பி சென்றது. ஜாவாவிலிருந்து சிங்கப்பூருக்குத் தொடர்பு இருந்தது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாகச் சென்னைக்கு 1870–71-இல் இடப்பட்ட கடலடிக் கம்பி இருந்தது. ஆகவே ஆஸ்திரேலியா உலகத்தோடு முதன்முதல் பேசிய வழி நம் ஊர்களின் வழியே சென்ற ஒன்றாகும். அக்கடலடிக் கம்பிகளை உப்புநீர் அரிக்காமற் காத்த உறையும், மலாயா, போர்னியோ முதலிய இடத்துக் காடுகளிற் கிடைத்த கட்டாபர்ச்சா என்னும் மரப்பாலே.

1901-இல் மாநிலங்கள் இணைந்து ஒரே நாடான பிறகு, அஞ்சலும் தந்தியும் தொலைபேசியும் நடுவண் அரசின் பொறுப்பாயின. 1975-இல் அஞ்சலைத் தனியே பிரித்துத் தொலைபேசிக்கென ஓர் அரசு நிறுவனம் அமைத்தனர். வீடுதோறும் செப்புக் கம்பி சென்றது. அக்கம்பியை இட்டவர்கள் மனிதக் குரலைக் கொண்டுசெல்லவே அதனை இட்டனர். பின்னொரு காலத்தில் படமும் பாடமும் அதன் வழியே செல்ல வேண்டியிருக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்க வழியில்லை.

ஒரே கையில் இரண்டு தொழில்

அந்த நிறுவனம் 1990-களில் டெல்ஸ்ட்ரா என்னும் பெயர் பெற்றது. 1997, 1999, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளில், மூன்று தவணைகளாக, அதன் பங்குகள் விற்கப்பட்டன. இங்கே நிகழ்ந்த ஒரு பிழை பிற்காலத் தொல்லைகளுக்கெல்லாம் வித்தாக அமைந்தது. நாடெங்கும் ஓடிய கம்பி ஒரு தொழில். அதன் வழியே சேவையை விற்பது மற்றொரு தொழில். இரண்டையும் பிரிக்காமல் ஒரே நிறுவனமாகவே அரசு விற்றுவிட்டது. கம்பிக்கு உரிமையாளரே கடையும் வைத்திருந்தால், பக்கத்துக் கடைக்காரருக்குக் கம்பியை மலிவாகத் தர மனம் வருமோ?

இதன் விளைவு விரைவில் தெரிந்தது. 1990-களில் டெல்ஸ்ட்ராவும் அதன் போட்டியாளரான ஆப்டஸ் நிறுவனமும் தொலைக்காட்சிக் கேபிள் இழுத்தன. இரு நிறுவனங்களும் பெருநகரங்களின் அதே தெருக்களில் அடுத்தடுத்து இழுத்தன. ஏனைய ஊர்களுக்கு ஒன்றும் செல்லவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் விற்கப்பட்டபோதும், டெல்ஸ்ட்ரா தன் இணைப்பின் விரைவை 2006 வரை நொடிக்கு 1.5 மெகாபிட் அளவிலேயே நிறுத்தி வைத்திருந்தது. மெகாபிட் என்பது பத்து இலட்சம் செய்தித் துணுக்குகள் கொண்ட அளவு. அதே கம்பியில் அதனினும் மிகுதியாகச் செல்லும் என்பதைப் போட்டியாளர்கள் செய்து காட்டிய பின்னரே இத்தடை நீங்கியது. கம்பியின் ஆற்றல் வேறு, மக்களுக்குக் கிடைப்பது வேறு என்பதை ஆஸ்திரேலியர் அப்போதே ஒருமுறை கண்டுகொண்டனர்.

ஒளியிழைத் திட்டம்

2007-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், கெவின் ரட் தலைமையிலான தொழிற்கட்சி, அகலக்கற்றை வலை அமைக்க அரசு 470 கோடி வெள்ளி வரை அளிக்கும் என்று வாக்களித்தது. இக்கட்டுரையில் வெள்ளி என்பது ஆஸ்திரேலிய வெள்ளியைக் குறிக்கும். வெற்றி பெற்றபின் ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்பட்டன. டெல்ஸ்ட்ரா அளித்த விண்ணப்பம் விதிகளுக்கு இணங்கவில்லை என்று 2008 டிசம்பரில் நீக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் ஒன்றும் கொடுக்கும் பணத்துக்குத் தக்கதாக இல்லை என்று வல்லுநர் குழு தெரிவித்தது.

அக்குழு கூறிய மற்றொரு கருத்தை நாம் நினைவிற் கொள்ளுதல் நன்று. ஒளியிழையைத் தெருமுனைப் பெட்டி வரை மட்டும் கொண்டுவந்து, எஞ்சிய தொலைவுக்குப் பழைய செப்புக் கம்பியையே பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. பின்னாளில் வீடுவரை ஒளியிழை இட வேண்டுமாயின், அம்முறை அதற்குச் சிக்கனமான படிக்கல் ஆகாது என்று குழு எச்சரித்தது. தெருமுனைப் பெட்டிகளுக்குச் செலவிடும் பொருள் பின்பு வீணாகும் என்பது அதன் காரணம்.

2009 ஏப்ரல் 7-ஆம் நாள் ரட் புதிய திட்டத்தை அறிவித்தார். தனியாரை நம்பாமல் அரசே ஒரு நிறுவனம் அமைத்து, 90 விழுக்காட்டு வீடுகளுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒளியிழையை வாசல்வரை கொண்டுசெல்லும், விரைவு நொடிக்கு 100 மெகாபிட், எஞ்சிய தொலைவூர்களுக்கு வானலை வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் 12 மெகாபிட், காலம் எட்டாண்டு, செலவு 4,300 கோடி வெள்ளி வரை. தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளியைச் செலுத்திச் செய்தி அனுப்புவது ஒளியிழை. அதில் செய்தி நெடுந்தொலைவு சென்றாலும் வலிமை குன்றுவது மிகச் சிறிது.

2010-இல் டாஸ்மேனியாத் தீவில் முதல் இணைப்புகள் தரப்பட்டன. அவ்வாண்டுத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, டோனி வின்ட்சர், ராப் ஓக்ஷாட் என்னும் ஊர்ப்புறத் தொகுதிச் சுயேச்சை உறுப்பினர் இருவர் தொழிற்கட்சியை ஆதரித்தனர். அவ்வாதரவுக்கு அவர்கள் காட்டிய காரணங்களுள் இவ்வலையும் ஒன்று. இணைய வலை ஒன்று ஓர் அரசாங்கத்தை நிலைநிறுத்த உதவிய நிகழ்ச்சி இது.

ஆனால் வேலை மெல்லவே நடந்தது. டெல்ஸ்ட்ராவின் நிலத்தடிக் குழாய்களைப் பயன்படுத்தவும், அதன் வாடிக்கையாளரைப் புது வலைக்கு மாற்றவும் 2011-இல் ஏறத்தாழ 1,100 கோடி வெள்ளி மதிப்புள்ள ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. பொதுச் சொத்தாக இருந்ததை விற்றபின், அதனைப் பயன்படுத்தப் பொதுமக்கள் பணத்தையே மீண்டும் கொடுக்க நேர்ந்தது. 2013-இல் பழைய நிலத்தடிக் குழிகளில் நச்சுத்தன்மையுள்ள ஆஸ்பெஸ்டாஸ் காணப்பட்டு வேலை தடைப்பட்டது. குறித்த இலக்குகள் பலமுறை தவறின. தொழிற்கட்சித் திட்டத்தின் ஆதரவாளர்கள் இவ்வுண்மையை மறைத்தல் கூடாது.

அரைக்கிணறு தாண்டியமை

இத்தாமதமே எதிர்க்கட்சிக்குக் கருவியாயிற்று. 2013 ஏப்ரலில் டோனி அபட்டும் மால்கம் டர்ன்புல்லும் மாற்றுத் திட்டம் ஒன்றை வெளியிட்டனர். தெருமுனைப் பெட்டி வரை மட்டுமே ஒளியிழை. செலவு 2,950 கோடி வெள்ளி. 2016-க்குள் எல்லோர்க்கும் குறைந்தது 25 மெகாபிட். சராசரிக் குடும்பத்திற்கு 25 மெகாபிட் போதும், போதுமானதற்கும் மிகுதி என்பது அபட்டின் கருத்து. இத்திட்டம் முற்றிலும் அறிவுக்கு ஒவ்வாததன்று. விரைவில் முடியலாம், செலவு குறையலாம், பிரிட்டனிலும் அக்காலத்தில் இம்முறை கையாளப்பட்டு வந்தது. வாக்காளர் பலர் இதனை ஏற்றதில் வியப்பில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் அக்கூட்டணி ஆட்சிக்கு வந்தது. டிசம்பர் மாதமே புதிய மதிப்பீடு வெளிவந்தது. செலவு 4,100 கோடி வெள்ளி எனவும், முடியும் ஆண்டு 2020 எனவும் அது கூறிற்று. 2016-க்குள் எல்லோர்க்கும் 25 மெகாபிட் என்னும் உறுதி கைவிடப்பட்டது. ஒளியிழை, செப்புக் கம்பி, பழைய கேபிள், வானலை, செயற்கைக்கோள் ஆகிய பலவும் கலந்த வலையாக அது மாறியது.

செப்புக் கம்பிக்கு ஓர் இயல்பு உண்டு. மின்னலை அதனுள் செல்லச் செல்ல வலிமை இழக்கும். பெட்டிக்கு அருகிலிருக்கும் வீட்டுக்கு 100 மெகாபிட் கிடைக்கும்; ஒரு கிலோமீட்டர் அப்பாலுள்ள வீட்டுக்கு அதில் காற்பங்கு கிடைப்பதே அரிதாகலாம். ஒரே குழாயில் நெருங்கிக் கிடக்கும் கம்பிகள் ஒன்றன் செய்தியை மற்றொன்று கெடுக்கும். மழைநீர் புகுந்த இணைப்பும் துருவேறிய முனையும் இன்னும் குறைக்கும். ஆகவே ஒரே தெருவில், ஒரே கட்டணம் செலுத்திய இரு வீட்டாருள் ஒருவர் நிறைவு பெற, மற்றவர் முறையிடும் நிலை உண்டாயிற்று. வாய்ப்பு அவரவர் வீட்டுக்கும் பெட்டிக்கும் இடையேயுள்ள தொலைவைப் பொறுத்ததாயிற்று.

கேபிளின் கதையும் இத்தகையதே. ஏறத்தாழ 80 கோடி வெள்ளிக்கு வாங்கிய ஆப்டஸ் கேபிளில் பெரும்பகுதி பயன்படுத்தத் தகுதியற்றது என்று பின்னர் தெரிந்தது. டெல்ஸ்ட்ராக் கேபிள் பகுதிகளில் இணைப்பு அடிக்கடி அறுந்தமையால், 2017 நவம்பரில் புதிய இணைப்பு தருவதையே சில மாதம் நிறுத்த வேண்டியதாயிற்று.

இவற்றோடு மக்களைப் பெரிதும் வருத்திய விதி ஒன்று உண்டு. ஓர் ஊருக்குப் புதிய வலை வந்துவிட்டது என்று அறிவித்தால், பதினெட்டு மாதங்களில் பழைய இணைப்பு அங்கே துண்டிக்கப்படும். விரும்பினும் விரும்பாவிடினும் மாறியே ஆக வேண்டும். தாமே தேர்ந்த பொருளில் குறை கண்டால் மனிதர் ஓரளவு பொறுத்துக்கொள்வர். வேறு வழியின்றி ஏற்ற பொருளில் குறை கண்டால் பொறுப்பது அரிது. அந்நாட்டு மக்களின் சினத்திற்கு இது முதன்மையான காரணம் எனலாம்.

மாலை நேரத்து நெரிசல்

இனி இரண்டாவது காரணத்திற்கு வருவோம். வீடுவரை ஒளியிழை பெற்றவர்களும் மாலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே விரைவு குன்றியதாக முறையிட்டனர். அவர்களிடம் செப்புக் கம்பி இல்லையே. பின் ஏன் குன்றியது?

அரசு நிறுவனம் மக்களுக்கு நேரே விற்பதில்லை. சில்லறை நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கும். அவை வீட்டாருக்கு விற்கும். அம்மொத்த விலையில் இரு கூறுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டின் இணைப்புக்கும் ஒரு கட்டணம். அவ்வூர் வீடுகள் அனைத்துக்கும் பொதுவாக வாங்கும் கொள்ளளவுக்கு மற்றொரு கட்டணம். நாடெங்கும் 121 இணைப்பு நிலையங்கள் அமைத்து, ஒவ்வொன்றிலும் சில்லறை நிறுவனம் தனக்கு வேண்டிய கொள்ளளவை வாங்க வேண்டும் என்று வகுத்தனர்.

வாய்க்காலை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வயல்தோறும் அகலமான மடை வைத்திருக்கலாம். ஆனால் ஏரியின் மதகை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு நீர்தான் வரும். ஒருவர் மட்டும் பாய்ச்சும்போது மடை நிறைய நீர் வரும்; எல்லோரும் ஒரே வேளையில் பாய்ச்சினால் எவருக்கும் போதாது. இங்கே மதகைத் திறக்கத் தொடக்கத்தில் வைத்த விலை, ஒரு மெகாபிட்டுக்கு மாதம் 20 வெள்ளி. நூறு வீட்டுக்காரருக்கு ஆளுக்கு 50 மெகாபிட் விற்ற நிறுவனம், அவர்கள் அனைவரும் ஒரே நொடியில் முழு அளவும் பெற வேண்டுமென்று எண்ணினால், மாதம் ஓர் இலட்சம் வெள்ளி கட்ட வேண்டும். வீடொன்றுக்கு அது ஆயிரம் வெள்ளி. வீட்டார் செலுத்தும் கட்டணமோ பெரும்பாலும் நூறு வெள்ளிக்கு உட்பட்டது.

எல்லோரும் ஒரே நொடியில் முழு அளவும் கேட்பதில்லை. ஆகவே பங்கிட்டுக்கொள்வது எங்கும் உள்ள வழக்கமே. ஆனால் மதகின் விலை மிகுந்திருந்ததால் சில்லறை நிறுவனங்கள் மிகவும் குறைத்து வாங்கின. 2017-இல் அவை வாங்கிய கொள்ளளவு, சராசரியாக வீடொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மெகாபிட்டே. மாலையில் படமும் விளையாட்டும் தொடங்கியதும் அது போதவில்லை.

இவ்வளவு விலை வைத்தது ஏன்? வலைக்கு ஆகும் பொருளை அரசு செலவுக் கணக்கில் எழுதவில்லை. முதலீட்டுக் கணக்கில் எழுதியது. முதலீடு என்றால் வட்டியோடு திரும்ப வர வேண்டும். ஆதலால் நிறுவனம் வருவாய் ஈட்டியாக வேண்டிய கட்டாயம் இருந்தது. மக்கள் மிகுதியாகப் பயன்படுத்தப் பயன்படுத்த வருவாய் பெருகும் என்று கணக்கிட்டனர். இவ்விதி தொழிற்கட்சி ஆட்சியில் வகுக்கப்பட்டு, கூட்டணி ஆட்சியிலும் தொடர்ந்தது. செப்புக் கம்பிக்குப் பிந்தியவரைக் குறை கூறுவோர், மதகு விலைக்கு முந்தியவரையும் குறை கூறவே வேண்டும்.

ஊர்ப்புறத்தார் நிலை இதனினும் கடினம். தொலைவூர்களுக்கு முதலில் தரப்பட்ட தற்காலிகச் செயற்கைக்கோள் சேவை நெரிசலால் திணறியது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் இரண்டு புதிய செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட பின்னும், மாதத்திற்கு இவ்வளவு என்னும் அளவுக் கட்டுப்பாடு நீடித்தது. ஆசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில், பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு 1951 முதல் வானொலி வழியே பாடம் நடத்தும் "வான்வழிப் பள்ளி" இயங்கி வந்தது. அது இணையத்திற்கு மாறியபின், அளவு தீர்ந்தால் பாடமும் நிற்கும் நிலை வந்தது. பெற்றோர் முறையிட்ட பின்னரே அப்பிள்ளைகளுக்கெனத் தனி ஒதுக்கீடு செய்தனர்.

'வரை' என்னும் சொல்

மூன்றாவது காரணம் மொழியைச் சார்ந்தது. ஆதலின் தமிழாசிரியர்க்கு உவப்பாக இருக்கும். "நொடிக்கு 100 மெகாபிட் வரை" என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்தன. 'வரை' என்பது எல்லையைக் குறிப்பது. அதனைத் தாண்டாது என்பதே அதன் பொருள். அவ்வளவும் கிடைக்கும் என்பது அதன் பொருளன்று. விற்பவர் எல்லையைச் சொன்னார். வாங்குபவர் அளவாகக் கேட்டார். சொல் ஒன்றே, பொருள் இரண்டு. இடைவெளியில் பணம் கைமாறியது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஆஸ்திரேலியர் விரைவிலேயே உணர்ந்தனர். அந்நாட்டுப் போட்டி, நுகர்வோர் ஆணையம் இதனை ஆராய்ந்தது. தம் செப்புக் கம்பியில் ஒருபோதும் வரவே வராத விரைவுக்குப் பலர் மிகுதிப் பணம் கட்டி வந்தது தெரிந்தது. 2017 நவம்பரில் டெல்ஸ்ட்ரா ஏறத்தாழ 42,000 வாடிக்கையாளருக்கு ஈடு செய்ய ஒப்புக்கொண்டது. டிசம்பரில் ஆப்டஸ் 8,700 பேருக்கும், டி.பி.ஜி. நிறுவனம் ஏறத்தாழ 8,000 பேருக்கும் அவ்வாறே ஒப்புக்கொண்டன. அதன் பின்னும் இக்குறை முற்றும் தீரவில்லை. 2022 நவம்பரில் இதே மூன்று நிறுவனங்களுக்கும், விரைவு பற்றிய தவறான கூற்றுகளுக்காக, கூட்டாட்சி நீதிமன்றம் மொத்தம் 3 கோடியே 35 இலட்சம் வெள்ளி தண்டம் விதித்தது.

அளவுகோல் வந்தபின்

முறையீடு மிகுந்தால் மட்டும் குறை தீர்ந்துவிடுவதில்லை. முதலிற் சில ஆண்டுகள் மக்களின் குரல் வெறும் புலம்பலாகவே கழிந்தது. சில்லறை நிறுவனத்தைக் கேட்டால், வலை நிறுவனத்தின் பிழை என்பர். வலை நிறுவனமோ, சில்லறையார் போதிய கொள்ளளவு வாங்கவில்லை என்னும். கட்சியினரைக் கேட்டாலோ, ஒவ்வொருவரும் மற்றவர் ஆட்சியைச் சுட்டினர். குற்றம் யாருடையது என்று காட்ட வீட்டுக்காரரிடம் சான்று ஏதும் இல்லை.

சான்று இரண்டு வழியில் வந்தது. தொலைத்தொடர்புக் குறைகேள் அலுவலகம் முறையீடுகளை எண்ணி வெளியிட்டது. 2016–17-ஆம் ஆண்டில் இவ்வலையைப் பற்றி வந்தவை மட்டும் 27,195. முந்திய ஆண்டினும் இரண்டரை மடங்குக்கு மேல். எண்ணாகத் திரண்டு வந்தபோது அம்முறையீட்டை எவராலும் புறக்கணிக்க இயலவில்லை.

மற்றொன்று, விரைவை நேரே அளத்தல். 2017 ஏப்ரலில், தாமாக முன்வரும் 4,000 வீடுகளில் அளவு கருவி பொருத்தும் நான்காண்டுத் திட்டத்தை அரசு அறிவித்தது. நுகர்வோர் ஆணையம் அதனை நடத்தியது. 'வரை' என்று விளம்பரம் செய்வதை விடுத்து, மாலை நேரத்தில் வழக்கமாகக் கிடைக்கும் விரைவைக் கூறுமாறும் அது நெறி வகுத்தது. முதல் அறிக்கை 2018 மார்ச்சில் வெளிவந்தது. எந்த நிறுவனம் மாலையில் எவ்வளவு தருகிறது என்பதைப் பெயர் குறித்து அது வெளியிட்டமையால், ஏமாற்றுவதற்கு இடம் சுருங்கியது.

விலையும் இறங்கியது. 2017 டிசம்பர் முதல், 50 மெகாபிட் இணைப்பை மிகுதியாக விற்கும் நிறுவனங்களுக்குக் கொள்ளளவு 50 விழுக்காடு கூட்டித் தரப்பட்டது. சில மாதங்களில் வீடொன்றுக்குரிய சராசரி ஏறத்தாழ ஒன்றரை மெகாபிட் ஆயிற்று. மாலை நெரிசல் கண்கூடாகக் குறைந்தது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று வந்து நாடே வீட்டிலிருந்து வேலை செய்தபோது, 40 விழுக்காடு வரை மிகுதிக் கொள்ளளவைக் கட்டணமின்றித் தந்தனர். வலை தாங்கி நின்றது. ஒரு கம்பியும் மாறவில்லை. மதகு மட்டும் திறந்தது. விரைவு குன்றியதில் விலைக்கு இருந்த பங்கை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது. பின்னர் 2023-இல் ஆணையம் ஏற்ற புதிய விதியின்படி, இக்கொள்ளளவுக் கட்டணத்தையே படிப்படியாக நீக்க முடிவாயிற்று.

மீண்டும் ஒளியிழை

2020 டிசம்பரில் வலை கட்டி முடிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. அதற்கு ஆன பொருள் ஏறத்தாழ 5,100 கோடி வெள்ளி. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்னரே, கூட்டணி அரசின் காலத்திலேயே, 450 கோடி வெள்ளியில் ஒளியிழையை வீடுகளுக்கு நீட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது. 2022-இல் தொழிற்கட்சி அரசு 240 கோடி வெள்ளி ஒதுக்கி மேலும் 15 இலட்சம் இடங்களைச் சேர்த்தது. செப்புக் கம்பியை நம்பி எஞ்சியிருந்த ஏறத்தாழ 6,22,000 இடங்களுக்கும் 2030-க்குள் மேம்பட்ட இணைப்புத் தருவதற்கு, 2025 ஜனவரியில் 300 கோடி வெள்ளி வரை அளிப்பதாக அறிவித்தது.

2009-இல் வல்லுநர் குழு கூறிய எச்சரிக்கையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தெருமுனைப் பெட்டி ஒளியிழைக்குப் படிக்கல் ஆகாது என்றனர். பெட்டியை வைத்து, பின் அதனைக் கடந்து ஒளியிழை இடும் இரட்டை வேலையே நிகழ்ந்தது. ஆஸ்திரேலியா பரந்த நாடு, அங்கே வேறு வழியில்லை என்று கூறுவாரும் உளர். சிறு தீவாகிய சிங்கப்பூரை அதனோடு ஒப்பிடுதல் முறையன்றுதான். ஆனால் அண்டை நாடாகிய நியூசிலாந்து, 2011-இல் தன் பழைய தொலைபேசி நிறுவனத்திலிருந்து கம்பியைத் தனியே பிரித்தது. நகரும் சிற்றூருமாக 87 விழுக்காட்டு மக்களுக்கு ஒளியிழையை 2022-இல் கொண்டுசேர்த்து முடித்தது. அங்கும் ஆட்சிகள் மாறின. திட்டத்தின் அடிப்படை மாறவில்லை.

2025 செப்டம்பரில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. ஒளியிழையிலும் கேபிளிலும் 100 மெகாபிட் இணைப்பு வைத்திருந்தோர்க்கு, மொத்த விலையைக் கூட்டாமலே, அதனை 500 மெகாபிட் ஆக்கினர். வீட்டுக்கு வெளியே புதிதாக ஒன்றும் இழுக்கவில்லை. நல்ல கம்பி இருந்த இடத்தில் விரைவு முன்னரே காத்திருந்தது; அதனைத் தர மனமும் விதியும் வர வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து பிற நாட்டார் கற்கத்தக்கவை யாவை? பொதுக்கம்பியை விற்கும்போது, கம்பியையும் கடையையும் பிரித்துவிட வேண்டும். பாதியிலே திட்டத்தை மாற்றுவோர், மாற்றுவதற்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொதுப்பணிக்கு இலாபக் கணக்கு எழுதினால், அதன் சுமை மக்கள் நுகரும் பொருளின் தரத்திலேயே வந்து விழும். இம்மூன்றும் ஆள்வோர்க்கு உரியவை.

மக்களுக்கு உரியது ஒன்று உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆஸ்திரேலிய மக்களின் மனக்குறை, வீட்டுக்கு வீடு தனித்தனியே இருந்தவரை பயன் தரவில்லை. அதனை எண்ணி, அளந்து, இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று எழுதி வைத்த பிறகே விலை இறங்கியது, விளம்பரம் திருந்தியது, ஈட்டுத்தொகை வந்தது. நாள்தோறும் பிள்ளைகளுக்குப் பாடமும் பெரியோருக்கு வேலையும் தரும் ஒரு வசதியில், எவ்வளவு கிடைக்கிறது என்பதை அறியும் உரிமை அதற்குப் பணம் கட்டுவோர்க்கே முதலில் உரியது. நம் வீட்டு இணைப்பைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்பதன்று. மாலை எட்டு மணிக்கு எவ்வளவு வருகிறது என்பதே.